அறுபதாம் பிறந்தநாளுக்கு அப்பாவை பெரிய ஓட்டலுக்கு கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு போன் போடுங்க

தம்பி கேட்டிருக்குறத முதல்ல ஒருக்கா சொல்லிக்கிடுதேன். ஜூலை கடைசில அப்பாவுக்கு அறுபது முடியுது, காலையில கோயில்ல சடங்கு, அன்னைக்கு ராத்திரி நாகர்கோவில்ல இருந்து கன்னியாகுமரி போயி கடல் தெரியுற ஒரு பெரிய ஓட்டல்ல குடும்பமா உக்காந்து சாப்பிடணும், அப்பா அம்மா, எண்பது தாண்டின ஆச்சி, நீங்க ரெண்டு பேரு, ஆறு வயசு பொம்பளப்பிள்ளை. பஃபேயா மெனு பாத்து ஆர்டரா, எவ்வளவு ஆகும், டிப்ஸ் எவ்வளவு வைக்கணும், இதுதான் நீங்க போட்ட மூணு கேள்வி. ஆனா நடுவுல ஒரு வரி எழுதியிருக்கீங்க, அப்பா இதுவரைக்கும் இந்த மாதிரி எடத்துக்கு போனதே இல்ல, கையாலதான் சாப்பிடுவாரு, அங்க சங்கடப்பட்டுருவாரோன்னு. எனக்கு பட்டத சொல்லுதேன், உங்க உண்மையான கேள்வி அந்த வரிதான், மத்தது எல்லாம் அதுக்கு பொறவுதான்.

நான் கேட்டரிங் படிச்சிட்டு சர்வீஸ் பக்கம் வேலைக்கு போனவன். ஸ்டூவர்ட் (மேசையில பரிமாறுறவன்), கேப்டன் (பரிமாறுறவங்களை மேய்க்குறவரு), பொறவு ரெஸ்டாரண்ட் மேனேஜர்னு கோவளம், வளைகுடான்னு சுத்திட்டு இப்ப நம்ம மாவட்டத்துக்கே வந்தாச்சு. சமையல்கட்டு என் தொழில் இல்ல, அதனால ருசி பத்தி நான் சொல்லுறத மேசைக்கும் அடுப்புக்கும் நடுவுல வருசக்கணக்குல நடந்தவன் சொல்லுறதா எடுத்துக்கிடுங்க, ஒரு ஷெஃப் சொன்னா வேற மாதிரி சொல்லுவாரு. சட்டம், வரி பத்தி சொல்லுறது மட்டும் உறுதியானது.

கையால சாப்பிடுறதுல ஒரு சங்கடமும் கிடையாது. மேசைக்கு பக்கத்துல நிக்குற பையன் உங்க அப்பாவோட கையை பாக்கமாட்டான், தண்ணி எவ்வளவு இருக்கு, தட்டு காலியாச்சா, அடுத்த அயிட்டம் எப்ப கொண்டுவரச் சொல்லணும்னு பாத்துட்டு நிப்பான். அதுதான் அவனுக்கு சொல்லிக்குடுத்த வேலை. முள்ளுள்ள மீனை ஃபோர்க்கும் கத்தியும் வச்சு சாப்பிடுறதுக்கு நம்மாளுங்க யாருக்கும் பொறுமை இருக்காது, ஐந்து நட்சத்திர ஓட்டலுக்கே முதலாளியா இருக்குறவரு கையால பிசைஞ்சு சாப்பிடுறத நான் பரிமாறியிருக்கேன். முன்னாடியே கேப்டன்கிட்ட சொல்லிருங்க, கை கழுவுற எடம் எங்க இருக்குன்னு அப்பாவுக்கு போனவுடனே காட்டிவிடச் சொல்லி. சாப்பிட்டு முடிச்சதும் சின்ன கிண்ணத்துல வெதுவெதுப்பா தண்ணியும் எலுமிச்சை துண்டும் வரும், அது விரல் கழுவ, இதை வீட்லயே பேச்சுவாக்குல ஒருக்கா சொல்லி வச்சுட்டா போதும். மத்தவங்க ஸ்பூன் ஃபோர்க்ல சாப்பிட்டா, முடிஞ்சதுன்னா ரெண்டையும் தட்டுல பக்கத்து பக்கத்துல நேரா வைங்க, இன்னும் சாப்பிடுதேன்னா குறுக்கா வைங்க, தட்டை எடுக்குறவங்களுக்கு அது தெரியும். வேற எந்த ரூல்ஸும் மனப்பாடம் பண்ண வேண்டாம். இங்கிலீஷ்ல வெல்கம் சொல்லுறான்னா அது டிரெய்னிங், நீங்க தமிழ்ல பதில் சொன்னா அடுத்த வார்த்தையே நம்ம பேச்சா மாறிரும், ஏன்னா வேலை பாக்குறதுல பாதிப்பேரு ராஜாக்கமங்கலம், அஞ்சுகிராமம், தக்கலை பக்கத்து பிள்ளைங்கதான்.

அப்பா சங்கடப்படுறது கையால சாப்பிடுறதுனால இல்ல, விலையைப் பாத்துதான். இத நான் எத்தனையோ மேசையில பாத்தாச்சு. மகன் ஆசையா கூட்டிட்டு வருவான், மெனு கார்டை விரிப்பாங்க, அப்பா கண்ணு வலது பக்கம் விலை இருக்குற எடத்துக்குத்தான் போகும், ஒரு மீன் வறுவலுக்கு இவ்வளவான்னு மனசுக்குள்ள கணக்கு போட்டுட்டு "எனக்கு ரெண்டு இட்லி போதும், ராத்திரி நான் ஜாஸ்தி சாப்பிடமாட்டேன்"ம்பாரு, அம்மாவும் அதையே சொல்லுவாங்க. அதோட அந்த ராத்திரியே சுருங்கிப் போகும். அதனால நான் அழுத்திச் சொல்லுற ஒரே விசயம் இதுதான், மெனு கார்டு அப்பா கைக்கு போகக்கூடாது. ரெண்டு நாளைக்கு முன்னாடி, சாயங்காலம் நாலு மணி வாக்குல போன் போட்டு (அப்பதான் ரெஸ்டாரண்ட்காரங்க கொஞ்சம் ஓஞ்சு இருப்பாங்க, மதியம் ஒண்ணு ரெண்டு மணிக்கு போட்டா யாரும் நின்னு பேசமாட்டாங்க) ரிசப்ஷன்ல இருந்து ரெஸ்டாரண்ட் மேனேஜர்கிட்ட குடுக்கச் சொல்லி, ஆறு பேரு, அப்பாவுக்கு அறுபது, என்னென்ன வேணும்னு இப்பவே பேசி முடிச்சுக்கிடலாம், மேசைக்கு மெனு வேண்டாம், சாப்பாடு தானா வரட்டும், பில்லை என்கிட்ட கவுண்டர்லயே குடுங்கன்னு சொல்லுங்க. பெரிய ஓட்டல்ல நீங்க கூடுதலா குடுக்குற காசு இந்த மாதிரி கவனிப்புக்குத்தான், அதை கேட்டு வாங்கிக்கிடணும், கேக்காட்டி வழக்கமா எல்லாருக்கும் நடக்குறதுதான் உங்களுக்கும் நடக்கும்.

அடுத்தது நேரம். கடல் தெரியுற மேசைக்குன்னு எல்லாரும் அடிச்சு புடிச்சு புக் பண்ணுறாங்க, ராத்திரி எட்டரைக்கு வந்து உக்காருறாங்க, கண்ணாடியில தெரியுறது உள்ள எரியுற லைட்டும் அவங்க முகமும்தான். வெளிச்சம் போட்டிருந்தா வள்ளுவர் சிலையும் பாறையும் தெரியும், அதுவும் எல்லா ஓட்டல்ல இருந்தும் தெரியாது. ஜூலை கடைசில நம்ம ஊர்ல சூரியன் மறையுறது ஆறு நாப்பது வாக்குல. அஞ்சரைக்கே போயிருங்க. டின்னர் பொதுவா ஏழு ஏழரைக்குத்தான் ஆரம்பிக்கும், மதிய கிச்சனுக்கும் ராத்திரி கிச்சனுக்கும் நடுவுல முழு மெனு கிடைக்காது, ஆனா டீ காபி, பஜ்ஜி, சாண்ட்விச் மாதிரி கிடைக்கும். அத வச்சுட்டு அப்பா அம்மா வெளிச்சம் போறவரைக்கும் கடலைப் பாத்துட்டு உக்காந்திருக்கட்டும், இருட்டின பொறவு சாப்பாடு வரட்டும். ஆடி மாசம் காத்தும் மேகமும் ஜாஸ்தி, சூரியன் தெளிவா கடலுக்குள்ள இறங்கும்னு நான் வாக்கு குடுக்கமாட்டேன், கடல் பொங்கி அடிக்குறத பாக்கலாம், அதுவே ஒரு காட்சிதான். மேசை கேக்கும்போது "சீ வியூ"ன்னு மட்டும் கேக்காதீங்க, கிழக்க பாத்ததா மேற்க பாத்ததான்னு கேளுங்க, கிழக்க பாத்த ஜன்னல்ல சூரியன் மறையுறது தெரியாது. திறந்த மாடின்னா அந்த மாசக் காத்துல ஆச்சிக்கு சரிப்படாது, உள்ளயே கேளுங்க.

பஃபேயா மெனுவா? உங்க குடும்பத்துக்கு மெனுதான், யோசிக்கவே வேண்டாம். பஃபேயில ஒருத்தர் எந்திரிக்க இன்னொருத்தர் உக்கார, ஆறு பேரும் ஒண்ணா உக்காந்து பேசுற நேரம்னே ஒண்ணு வராது. ஆச்சி தட்டை தூக்கிட்டு நடக்கவும் முடியாது, கேட்டா ஸ்டூவர்ட் எடுத்துட்டு வந்து தருவான், ஆனா என்ன இருக்குன்னு பாக்காம எத கேப்பாங்க. பொறவு பஃபே போடுறதே அன்னைக்கு எத்தனை ரூம் நிரம்பியிருக்குங்கிறத பொறுத்து, சபரிமலை சீசன்லயும் மே மாச லீவுலயும் தினம் இருக்கும், ஆடி மாசத்து வாரநாள்னா ஆள் குறைவுன்னு நிறுத்திட்டு மெனு மட்டும் வச்சிருப்பாங்க. இருந்தாலும் பஃபேக்குத்தான் போகணும்னா திறந்த முதல் அரைமணி நேரத்துக்குள்ள போயிருங்க. மூடி போட்ட சூடு பாத்திரத்துல இருக்குற சாப்பாடு ஆறாம நல்ல சூட்டுலயே இருக்கணும், தயிர்ப்பச்சடி சாலட் மாதிரி குளிர்ந்தது அஞ்சு டிகிரிக்கு கீழ இருக்கணும், உணவுப் பாதுகாப்பு விதியே அப்படித்தான். அந்த சூட்டுல மீன் குழம்பு நேரம் ஆக ஆக நல்லாத்தான் ஆகும், ஆனா பொரிச்ச மீன் அதே ஆவியில நனைஞ்சு தொவண்டு போகும், இடியாப்பம் மேல காஞ்சு கீழ நொந்து போகும், புட்டு உதிரி மணலா ஆயிரும். பஃபேயில குழம்பு வகையும், முன்னாடி நின்னு சுட்டுத் தர்ற ஆப்பம் தோசையும் எடுத்தவங்க தப்பிச்சாங்க.

இனி என்ன ஆர்டர் பண்ணுறது, இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச பாடம். நம்ம ஊரு பெரிய ஓட்டல் மெனு கார்டு வடக்க இருந்து வர்ற டூரிஸ்ட்டை நினைச்சு அடிச்சது. பன்னீர், கோப்தா, சிக்கன்னு மூணு பக்கம் இருக்கும், ஆனா சமையல்கட்டுல அதுக்கு அடிப்படை கிரேவி ரெண்டோ மூணோதான், தக்காளி வெண்ணெய் போட்ட சிவப்பு ஒண்ணு, வெங்காயம் வதக்கின பிரவுன் ஒண்ணு, முந்திரி அரைச்ச வெள்ளை ஒண்ணு, காலையிலயே பெரிய பாத்திரத்துல போட்டு வச்சிருவாங்க, ஆர்டர் வந்ததும் அதுல இருந்து எடுத்து பன்னீரோ சிக்கனோ போட்டு முடிச்சு அனுப்புவாங்க. இதுல ஏமாத்து ஒண்ணும் இல்ல, நாப்பது மேசைக்கு இருபது நிமிசத்துல சாப்பாடு போகணும்னா உலகம் முழுக்க இப்படித்தான். ஆனா பேரு வேற வேறன்னு மூணு கிரேவி சொன்னா, மூணும் ஒரே ருசியா இருக்குதேன்னு வீட்ல பேச்சு வரும், அதுக்கு காரணம் இதுதான். அதனால கிரேவி ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அப்பாவுக்கு பிரஷரோ சுகரோ இருந்து உப்பைக் குறைக்கச் சொன்னாலும் இந்த கிரேவியில குறைக்க வழி இல்ல, ஏற்கனவே போட்டாச்சு. ஆர்டர் வந்த பிறகு செய்யுற சூப், கல்லுல சுட்ட மீன், பருப்பு, வதக்கின காய்கறி இதுலதான் குறைக்க முடியும்.

அதே சமையல்கட்டுல இன்னொரு அடுப்பு இருக்கு, ஸ்டாஃப் சாப்பாட்டுக்கு. தேங்காய் அரைச்சு மாங்காயோ முருங்கைக்காயோ போட்ட மீன் குழம்பு, மரச்சீனிக்கிழங்கு, உள்ளித்தீயல், புளிசேரி, இதெல்லாம் அங்க சாதாரணமா வேகும். எத்தனையோ ஓட்டல்ல நான் சாப்பிட்ட நல்ல சாப்பாடு பின்பக்கம் ஸ்டாஃப் மெஸ்ஸுல சாப்பிட்டதுதான், முன்பக்கம் சாப்பிட்டது இல்ல. சமைக்கத் தெரிஞ்ச ஆளு உள்ள இருக்காங்க, தேங்காய் இருக்கு, மீன் இருக்கு, ஆனா மெனுவுல இல்ல. ரெண்டு நாளைக்கு முன்னாடி கேட்டா பெரும்பாலும் செஞ்சு தருவாங்க, அதுவும் அறுபதாம் பிறந்தநாள்னா ஷெஃப்புக்கே ஒரு உற்சாகம் வரும். வீட்ல தினம் சாப்பிடுறத அங்கயும் போயி எதுக்குன்னு கேப்பீங்க. சரிதான், அதனால பாதிக்கு பாதி வைங்க. வீட்ல செய்ய முடியாதது, முழு மீனை தந்தூர்லயோ வாழை இலையில பொதிஞ்சோ சுடுறது, நல்ல சூப், ஒரு பிரியாணி, இது ஒரு பக்கம், அப்பா ருசி பாத்து "இது கொள்ளாம்"னு சொல்லுற மாதிரி ஒரு தீயலோ மீன் குழம்போ இன்னொரு பக்கம். ஆச்சிக்கு பல்லு இல்லைன்னா ஆப்பமும் காய்கறி ஸ்டியூவும், சூடா, எல்லாருக்கும் முன்னாடி வரணும்னு சொல்லி வைங்க. கடைசில பிரவுனி ஐஸ்கிரீம் பிள்ளைக்கு போதும், பெரியவங்களுக்கு பால் பாயசமும் போளியும் கேட்டுப் பாருங்க, இல்லைன்னா மட்டிப்பழம். 2023ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம ஊரு பழம், அதை நல்ல தட்டுல அடுக்கி கொண்டு வந்து வச்சா அப்பா முகத்தைப் பாருங்க.

மீன்ல ஒரு விசயம் கவனிக்கணும், இது நம்ம மாவட்டத்துக்கே உரியது. விசைப்படகு மீன்பிடித் தடை கிழக்கு கடற்கரைக்கு ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், மேற்கு கடற்கரைக்கு ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும். நம்ம மாவட்டம் ரெண்டு கரையிலயும் இருக்கு, அதனால நீங்க போற ஜூலை கடைசில மேற்கு கரையில குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் விசைப்படகு கட்டிக் கெடக்கும், கிழக்கு கரையில சின்னமுட்டத்துல கடலுக்கு போயிட்டு வந்துட்டு இருக்கும். நாட்டுப்படகும் வள்ளமும் தடைக்குள்ள வராது, ஆனா ஆடிக் காத்துல அவங்களும் எல்லா நாளும் இறங்கமாட்டாங்க. அதனால மெனுவுல எட்டு வகை மீன் இருந்தாலும் அதுல பாதி ஃப்ரீசர்ல இருந்து வரலாம். "இன்னைக்கு கரையில இருந்து வந்தது எது"ன்னு கேளுங்க, நேர்மையான கேப்டன்னா ஒண்ணோ ரெண்டோதான் சொல்லுவாரு, எட்டையும் ஃப்ரெஷ்ஷும்பாருன்னா மீனை விட்டுட்டு வேற சொல்லுங்க. ஃப்ரீசர்ல இருந்த நெய்மீனை விட அன்னைக்கு வந்த பாறையோ சூரையோ ஆயிரம் மடங்கு நல்லது. முழு மீனுக்கும் சிங்கி இறாலுக்கும் மெனுவுல விலை போடாம எடைக்கு ஏத்த விலைன்னு போட்டிருந்தா, சமைக்குறதுக்கு முன்னாடி தட்டுல வச்சு கொண்டு வந்து காட்டச் சொல்லுங்க, எடையும் விலையும் அப்பவே கேளுங்க. அந்த எடை சுத்தம் பண்ணுறதுக்கு முன்னாடி உள்ள எடை, தலை குடல் செதில்னு கால்வாசிக்கு மேல போயிரும், ஒரு கிலோ மீன் ஆறு பேருக்கு காணும்னு நினைச்சுராதீங்க.

செலவு. ஒரு ஆளுக்கு இவ்வளவுன்னு நான் நம்பர் போடமாட்டேன், ஓட்டலுக்கு ஓட்டல், மாசத்துக்கு மாசம் மாறும், போன்ல பேசி முடிக்கும்போதே மொத்தத்தையும் கேட்டு வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிக்கிடுங்க. ஆனா மெனு விலைக்கு மேல என்ன ஏறும்னு உறுதியா சொல்ல முடியும். சாதாரண ரெஸ்டாரண்ட்ல சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். பெரிய ஓட்டலுக்குள்ள இருக்குற ரெஸ்டாரண்ட்னா 18 சதவீதமா இருக்கலாம். 2025 ஏப்ரல் 1ல இருந்து உள்ள விதிப்படி, அந்த ஓட்டல் முந்தின நிதியாண்டுல ஏதாவது ஒரு ரூமை ஒரு நாளைக்கு 7500 ரூபாய்க்கு மேல விட்டிருந்தாலோ, அவங்களே 18க்கு வர்றோம்னு எழுதிக் குடுத்திருந்தாலோ, அங்க சாப்பிடுற எல்லாருக்கும் 18தான், நீங்க ரூம் போடாட்டியும் சரி. அதனால "உங்க ரெஸ்டாரண்ட்ல ஜிஎஸ்டி அஞ்சா பதினெட்டா"ன்னு போன்லயே கேட்டுருங்க. இதுக்கு மேல சர்வீஸ் சார்ஜ்னு பத்து சதவீதம் சில எடத்துல போடுவாங்க. அது வரி இல்ல, கட்டாயமும் இல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில இதை தானா பில்லுல சேக்கக்கூடாதுன்னு சொல்லிச்சு, டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச் 28ல அதை சரின்னு தீர்ப்பு குடுத்துச்சு, அதுக்கு மேல ஓட்டல் சங்கங்க அப்பீல் போனாங்க. ஒரு கணக்கு பாருங்க, சாப்பாடு 5000, சர்வீஸ் சார்ஜ் 500, ரெண்டுக்கும் சேத்து 18 சதவீதம் 990, மொத்தம் 6490. சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொன்னா 5900. அப்பா முன்னாடி வாக்குவாதம் வேண்டாம், போன்லயே "சர்வீஸ் சார்ஜ் போடாதீங்க, பையன்களுக்கு நான் கையில குடுக்கேன்"னு சொல்லிருங்க. அப்படியும் போட்டு எடுக்கமாட்டோம்னு நின்னாங்கன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கு.

தண்ணி பாட்டில்ல அச்சடிச்ச விலைக்கு மேல போடுறாங்களேன்னு கோவப்படாதீங்க, உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பர்லயே ஓட்டல், ரெஸ்டாரண்ட்ல அப்படி விக்கலாம்னு சொல்லியாச்சு, உக்காருற எடம், பரிமாறுறது எல்லாம் சேந்த சேவைன்னு கணக்கு. உக்காந்ததுமே பாட்டிலை திறந்துட்டு நிப்பாங்க, அதுக்கு முன்னாடி "சாதா தண்ணி போதும்"னு சொன்னா ஃபில்டர் தண்ணி ஊத்துவாங்க, அதுல ஒரு மரியாதைக் குறைவும் இல்ல.

டிப்ஸுக்கு சட்டம் ஒண்ணும் கிடையாது. சர்வீஸ் சார்ஜ் குடுத்திருந்தா வேண்டாம். குடுக்கலைன்னா பில்லுல அஞ்சுல இருந்து பத்து சதவீதம் மரியாதையான தொகை. பல எடத்துல டிப்ஸ் எல்லாம் ஒரே டப்பாவுல போயி மாசக்கடைசில பாத்திரம் கழுவுறவங்க வரைக்கும் பங்கு போகும், சில எடத்துல வாங்கினவங்களுக்கே, இது ஓட்டலுக்கு ஓட்டல் வேற. கார்டுல சேத்துப் போடுறத விட கையில காசா குடுத்தா பையன்களுக்கு சீக்கிரம் போயிச் சேரும். என் ஆசைக்கு ஒண்ணு சொல்லுதேன், அந்த காசை அப்பா கையால குடுக்க வைங்க. பரிமாறின பையனை கூப்பிட்டு "நல்லா கவனிச்ச மக்கா"ன்னு ஒரு வார்த்தை சொல்லி குடுத்தாருன்னா, அந்தப் பையனுக்கும் அது மறக்காது.

கேக் வெளிய இருந்து கொண்டு போறதா இருந்தா அதையும் முன்னாடியே கேளுங்க, சில எடத்துல விடமாட்டாங்க, சில எடத்துல வெட்டிப் பரிமாற தனி சார்ஜ் போடுவாங்க, சொல்லி வச்சா அவங்களே ஒரு சின்ன கேக் இலவசமா குடுக்குறதும் உண்டு. பிள்ளைக்கு பாதி அளவுல, காரம் இல்லாம ஏதாவது செய்ய முடியுமான்னு கேளுங்க, பெரியவங்க சாப்பாடு வர்றதுக்கு முன்னாடி அவ தட்டு வந்துட்டா நீங்களும் நிம்மதியா சாப்பிடலாம். எந்த ஓட்டல்னு நான் பேரு சொல்லாததுக்கு காரணம், ஷெஃப் மாறினா எல்லாமே மாறிரும், ஸ்டார் எத்தனைங்கிறது லிஃப்ட், ரூம் அளவு மாதிரி வசதிக்குக் குடுக்குறது, மீன் குழம்பு ருசிக்கு இல்ல. மூணு ஓட்டலுக்கு போன் போடுங்க, நீங்க சொல்லுறத பொறுமையா கேட்டு, திருப்பி ரெண்டு கேள்வி கேக்குறவங்க யாரோ அங்க போங்க. தேதி முடிவானதும் இங்க எழுதுங்க, அந்த வாரம் சின்னமுட்டத்துல என்ன மீன் கரைக்கு வருதுன்னு விசாரிச்சு சொல்லுதேன்.